தேர்ந்தெடுக்கப்படாத பிரபுக்கள் சபையால் ஒரு சட்டத்தைத் தடுக்க முடியுமா?

கேள்வி:
புகலிடம் கோரி வருவோரை ருவாண்டாவுக்கு அனுப்புவதற்கான மசோதா, 2024 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு சபைகளுக்கும் இடையே பலமுறை போய்வந்த பிறகே நிறைவேறியது. தொடர்ந்து திருத்தங்களை வலியுறுத்திய மேலவையான பிரபுக்கள் சபை கடைசியில் ஏன் இறங்கிவந்தது? அதற்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது?

பதில் 1:
நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் வரவு செலவுத் திட்டத்தை 1909இல் பிரபுக்கள் நிராகரித்ததிலிருந்து தொடங்க வேண்டும். மறு ஆண்டில் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. தேவைப்பட்டால் புதிய பிரபுக்களை நியமித்தே பெரும்பான்மையை உருவாக்க மன்னர் இசைந்திருக்கிறார் என்பது தெரிந்த பிறகுதான், தங்கள் அதிகாரத்தைக் குறைக்கும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவர்கள் வழிவிட்டார்கள். அதன்படி நிதி மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைக்க முடியாது. மற்ற மசோதாக்களில் பெரும்பாலானவற்றைத் தாமதப்படுத்தலாம். அந்தக் கால அளவையும் 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ ஓராண்டாகச் சுருக்கிவிட்டது. வேட்டை நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதைத் தடைசெய்த 2004ஆம் ஆண்டுச் சட்டம், பிரபுக்களின் ஒப்புதல் இல்லாமல் இந்த வழியில்தான் நிறைவேறியது.

பதில் 2:
ருவாண்டா விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஆளுங்கட்சியின் தேர்தல் அறிக்கையில் இடம்பெற்ற மசோதாவை இரண்டாம் வாசிப்பில் (மசோதாவின் அடிப்படை நோக்கத்தின் மீதான வாக்கெடுப்பில்) பிரபுக்கள் தோற்கடிப்பதில்லை என்பது சாலிஸ்பரி மரபு. அத்திட்டம் 2022இல்தான் அறிவிக்கப்பட்டது என்பதால், 2019 தேர்தல் அறிக்கையில் அது இல்லை. மரபு அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. பொதுத்தேர்தலும் நெருங்கியிருந்த நிலையில், ஓராண்டுத் தாமதம் மசோதாவுக்கு முடிவே கட்டியிருக்கும். பிரிட்டிஷ் படைகளுக்கு உதவிய ஆப்கானியர்களுக்கு விலக்கு கேட்டு விடாமல் வாதாடியவர்கள், அந்த எல்லைக்குப் போகத் துணியவில்லை. மக்கள் வாக்களித்து வந்தவர்கள் அல்லர் என்ற உணர்வு, சட்டத்தைவிட அவர்களை அதிகமாகக் கட்டிப்போடுகிறது என்பதே என் கணிப்பு.

பதில் 3:
அந்த உணர்வு இருப்பதில் வியப்பில்லை. 1999இல் பரம்பரைப் பிரபுக்களை நீக்கியபோது 92 பேரை விட்டுவைத்து, காலியாகும் இடங்களுக்கு இடைத்தேர்தலும் வைத்தார்கள். 2016இல் லிபரல் டெமாக்ராட் கட்சியின் இடம் ஒன்றுக்கு 7 பேர் போட்டியிட்டார்கள். வாக்குரிமை இருந்த அக்கட்சிப் பரம்பரைப் பிரபுக்களோ 3 பேர்தான்! மூவரும் வைகவுண்ட் தர்ஸோவுக்கே வாக்களித்தார்கள். இது போதாதென்று, இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்களுக்கும் இடம் உண்டு. ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு அப்படி ஓர் இடமும் இல்லை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் மக்களே தேர்ந்தெடுக்கும் சபையாக ஏன் மாற்றவில்லை?

பதில் 2:
2012இல் கன்சர்வேட்டிவ்–லிபரல் டெமாக்ராட் கூட்டணி அரசின் துணைப் பிரதமர் நிக் கிளெக் முயன்றார். 80 விழுக்காட்டு உறுப்பினர்களைத் தேர்தல் மூலம் கொண்டுவரும் அவருடைய மசோதா, மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையான காமன்ஸ் சபையின் இரண்டாம் வாசிப்பில் பெரிய பெரும்பான்மையோடு வென்றும், கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் 91 பேர் எதிர்த்ததால் அடுத்த மாதமே கைவிடப்பட்டது. தேர்தலில் வென்று வரும் மேலவை தங்களுக்குச் சமமாக நிற்கும் என்பது எதிர்த்தவர்கள் முன்வைத்த முக்கிய வாதம். நியமன சபையைக் குறைசொல்லும் காமன்ஸ் உறுப்பினர்களில் பலருக்கு, எதிர்த்து நிற்கத் தயங்கும் இந்தச் சபைதான் வசதி.