கைப்பிடிக் கண்ணாடிக் கோப்பையின் இணைப்பில் விரிசல் விழுவது ஏன்?

கேள்வி

வணக்கம். மென்கண்ணாடித் தண்டுகளைச் சுடரில் உருக்கி மணிகள் செய்து பழகிய நான், இப்போது போரோசிலிகேட் என்னும் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து சூடான பானம் அருந்தத்தக்க கைப்பிடிக் கோப்பைகளைச் செய்து வருகிறேன். குழாயின் சுவர் ஏறத்தாழ 2.5 மி.மீ. தடிமன் கொண்டது, கைப்பிடிக்கு 8 மி.மீ. தடிமனுள்ள அடர்நிறத் தண்டைப் பயன்படுத்துகிறேன். வேலை முடிந்தவுடன் கோப்பையை 565 டிகிரி செல்சியசில் காத்திருக்கும் மின்சூளைக்குள் வைத்து மெல்ல ஆற்றுகிறேன். வெளியே எடுக்கும்போது குறையேதும் தெரிவதில்லை. ஆயினும் சில கோப்பைகளில், அலமாரியில் யாரும் தொடாமல் இருக்கும்போதே, சில நாட்கள் கழித்துக் கைப்பிடியின் கீழ் இணைப்பருகே விரிசல் விழுந்துவிடுகிறது. காரணம் கண்ணாடியா, இணைக்கும் முறையா, ஆற்றும் முறையா என்பதை எவ்வாறு பிரித்தறிவது?

மறுமொழி 1

முதலில் விரிசல் ஓடும் பாதையைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். தண்டும் சுவரும் சந்திக்கும் கோட்டை ஒட்டியே விரிசல் சென்றால், இணைப்பு முழுமையாக உருகி ஒன்றாகவில்லை என்று கொள்ளலாம். வெளியிலிருந்து பார்க்க ஒட்டியதுபோல் தோன்றினாலும், தண்டின் அடியில் ஒரு கூர்மையான உள்மடிப்பு எஞ்சியிருக்கும். தகைவு (கண்ணாடிக்குள் தேங்கி நிற்கும் விசை) அனைத்தும் அந்த இடத்தில் குவியும். இணைப்பிலிருந்து சற்று விலகி, கோப்பையின் சுவரில் வில்போல் வளைந்து சென்றால், இணைப்பைச் சூடாக்கிய வேளையில் சுற்றியிருந்த சுவர் அதிகம் குளிர்ந்திருந்தது என்று பொருள்.

கீழ் இணைப்பில் மட்டும் விழுவதற்கும் காரணம் உண்டு. மேல்முனை ஏற்கெனவே இறுகிய பிறகுதான் கீழ்முனையைப் பொருத்துகிறோம். அப்போது கைப்பிடி ஒரு மூடிய வளையமாகிவிடுவதால், அது குளிர்ந்து சுருங்கும்போது கீழ் இணைப்பை இழுக்கிறது. ஆகவே இரு முனைகளையும் பொருத்திய பின், கைப்பிடியின் நடுப்பகுதியைச் சற்றே இளகும்வரை சூடாக்கி அந்த இழுவிசையைத் தளர்த்த வேண்டும். இணைப்பின் உள்புறச் சுவர் பளபளப்பாகி லேசாக உள்வாங்கும்வரை உருக்கி, பிறகு மெல்ல ஊதி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அவசியம். இணைப்பின் வெளிவிளிம்பு கூர்மூலையாக இல்லாமல் வழுவழுப்பான வளைவாக முடிய வேண்டும்.

சில நாட்கள் கழித்து உடைவதில் வியப்பில்லை. தகைவுக்கு உட்பட்ட கண்ணாடியில் ஒரு நுண்கீறல் இருந்தால், காற்றிலுள்ள ஈரம் அதன் நுனியில் வினைபுரிந்து அதைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே போகும்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எனக்கு முதலில் ஐயம் எழுவது அந்த அடர்நிறத் தண்டின் மீதுதான். தெளிந்த போரோசிலிகேட்டின் வெப்ப விரிவுக் கெழு (சூடேறும்போது எவ்வளவு விரியும் என்ற அளவு), ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 3.3 பங்கு. மணி செய்யப் பயன்படும் மென்கண்ணாடியில் அது 9 முதல் 10.4 வரை இருக்கும். இரண்டையும் இணைக்க முடியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் போரோசிலிகேட் வகையிலேயே சில அடர்நிறங்கள் தெளிந்த கண்ணாடியிலிருந்து சற்று விலகியே நடந்துகொள்ளும். மெல்லிய பூச்சாக இருக்கும்போது அந்த வேறுபாடு பொறுத்துக்கொள்ளப்படும், 8 மி.மீ. தடிமனுள்ள முழு நிறத்தண்டு மெல்லிய சுவரோடு சேரும்போது அது வெளிப்பட்டுவிடும். தெளிந்த தண்டை உள்ளே வைத்து, அதன்மேல் நிறத்தை மெல்லிய படலமாக ஏற்றிக் கைப்பிடி செய்வதே நல்லது.

தொடர்புடைய மற்றொன்று: பானம் படும் உள்புறத்தில் எப்போதும் தெளிந்த கண்ணாடியே இருக்கட்டும். சிவப்பு, மஞ்சள் நிறங்கள் சிலவற்றில் காட்மியம் உண்டு. அவற்றை உருக்கும்போது புகை வெளியேறும் வசதியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

காரணத்தை உறுதிசெய்ய எளிய வழி உள்ளது. எல்சிடி கணினித் திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன்முன் கேமராவின் போலரைசர் வடிகட்டியை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடியை) திரை இருண்டு தெரியும்வரை திருப்புங்கள். இரண்டுக்கும் இடையே கோப்பையைப் பிடித்தால், தகைவுள்ள இடங்கள் மட்டும் வெளிச்சமாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இதுவரை உடையாத கோப்பைகளைத் திரைமுன் வைத்துப் பார்த்தேன். உடல்பகுதி முழுவதும் இருளாக இருக்கிறது. இரு இணைப்புகளைச் சுற்றியும் வெளிச்சம் தெரிகிறது, கீழே கூடுதலாக. உடைந்தவற்றில் விரிசல் இணைப்புக் கோட்டை ஒட்டிச் செல்லாமல் சுவருக்குள் வளைந்து செல்கிறது. இக்கோப்பைகளைக் காப்பாற்ற முடியுமா?

மறுமொழி 1

விரிசல் விழாதவற்றை மீண்டும் சூளையில் வையுங்கள். குளிர்ந்த கோப்பை என்பதால் வெப்பத்தை மெதுவாக உயர்த்தி, 565 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். நேரத்தைக் கணக்கிடும்போது சுவரின் தடிமனை அல்ல, இணைப்பின் மிகத் தடித்த பகுதியையே கருத்தில் கொள்ளுங்கள். பிறகு 480 டிகிரி வரை மிக மெதுவாக இறக்குங்கள். ஏறத்தாழ 510 டிகிரிக்குக் கீழே புதிய நிலைத்தகைவு (ஆறிய பிறகும் நீங்காத தகைவு) உருவாவதில்லை என்றாலும், சூளைக்குள் எல்லா இடங்களிலும் வெப்பம் ஒன்றுபோல் இருக்காது என்பதால் இந்த இடைவெளி தேவை.

மீண்டும் திரைமுன் பாருங்கள். வெளிச்சம் மறைந்திருந்தால், குறை முன்பு ஆற்றிய விதத்தில் இருந்தது. அக்கோப்பைகளை நம்பிப் பயன்படுத்தலாம். எத்தனை முறை ஆற்றினாலும் வெளிச்சம் அதே இடத்தில் நின்றால், நண்பர் சொன்னபடி அது விரிவுக் கெழு பொருந்தாமையே; அதைச் சூளையால் நீக்க முடியாது. அத்தகைய கோப்பையில் சூடான பானம் ஊற்ற வேண்டாம், பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.