[கலைச்சொல்] குளிரில் வெளிறும் குரோமோசோம் துண்டு

அன்புள்ள குழுவினருக்கு,
முதுகலைச் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். டிரில்லியம் செடிக்கு ஐந்தே இணைக் குரோமோசோம்கள், பெரியவை. செடியைச் சில நாள் 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிரியும் செல்லைச் சாயமேற்றிப் பார்த்தால், குரோமோசோமில் சில துண்டுகள் மட்டும் மெலிந்து வெளிறியிருக்கும். மற்றவை பழையபடி தடிமனாகவே இருக்கும். 1940-இல் பிரிட்டன் செல்லியலாளர்கள் டார்லிங்டனும் லா கூரும் இதை ‘நியூக்ளிக் அமிலப் பட்டினி’ என்றார்கள், அதாவது குளிரில் அந்தத் துண்டுக்கு நியூக்ளிக் அமிலம் (டிஎன்ஏ) போதவில்லை என்று. அந்தத் துண்டுக்கு என்ன பெயர்? ‘குளிர்ச்சுருக்கப் பகுதி’ என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.
– மா.

அம்மா, சுருக்கம் வேண்டவே வேண்டாம். கோதுமை வேர்நுனியை ஒரு நாள் பனிக்கட்டி நீரில் போட்டுவைக்கச் சொல்வீர்களே, அங்கே செல்லுக்குள் நுண்குழல்கள் குலைந்து, குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர் (spindle) அமையாமல், அவை பிரிய வழியின்றிக் குட்டையாகிவிடும். சுருக்கம் அது. மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ‘குளிர்ப்பட்டினித் துண்டு’ என்று வையுங்கள், மறக்காது.
– க.

பட்டினியா? பின்னால் அளந்து பார்த்தபோது குளிர்பட்ட செல்லில் டிஎன்ஏ குறைந்திருக்கவில்லை. அந்தத் துண்டு மற்றப் பகுதிகள் அளவுக்குத் திரளவில்லை, அவ்வளவுதான். செல் பிரியாத நேரத்திலும் இறுகியே இருக்கும் குரோமோசோம் பகுதிக்கு 1928-இல் ஹைட்ஸ் என்ற ஆய்வாளர் ஹெட்டரோகுரோமாட்டின் என்று பெயர்வைத்தார், இதுவும் அதில் ஒரு வகை. கைவிட்ட விளக்கத்தைப் பெயரில் ஏன் சுமக்க வேண்டும்? ‘கூதிர்த்துண்டம்’ எனலாம். எங்கள் பாடநூல்களில் குரோமோசோமே நிறமூர்த்தம்தான், பிள்ளைகள் படிக்கிறார்கள்தானே.
– தி., யாழ்ப்பாணம்

தி. ஐயா, சாயம் ஏற்றினால்தான் அதற்கு நிறமே வரும். அதை நிறமூர்த்தம் என்று சொல்லிக்கொண்டு பட்டினிக்கு முகம் சுளிக்கிறீர்களே! மூர்த்தம் தமிழா என்று நான் கேட்கவில்லை. கூதிர் ஐப்பசி கார்த்திகை, மழையும் வாடையும். அதில் 0 டிகிரி எங்கே இருக்கிறது?
– க.

இடையில் நுழைகிறேன். கூதல், கூனல், கூம்பு, கூசு எல்லாவற்றுக்கும் ஒடுங்குதல்தான் அடிப்பொருள் என்பது என் எண்ணம். ஆகவே கூதிர் என்றாலே ஒடுங்கிய துண்டு என்றும் பொருள் வந்துவிடுகிறது. ‘கூசு’ பற்றி விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.
– செ.

செ. ஐயா, அந்த மடலை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அனுப்புங்கள்.
– மா.

டார்லிங்டன் என்றதும் ஜானகி அம்மாள் நினைவு. கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு செய்தவர், 1945-இல் அவரோடு சேர்ந்து பயிர்த்தாவரக் குரோமோசோம் அட்லஸ் வெளியிட்டார். அம்மையார் அன்றே தமிழில் எழுதியிருந்தால் நமக்கு இந்தப் பாடு இல்லை.
– ந.

அவர் தலச்சேரிக்காரர். எழுதியிருந்தாலும் மலையாளத்தில்தான்.
– தி.

சரி, போதும். ‘குளிர்மெலிவுத் துண்டு’ என்று போடப் போகிறேன். படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது. பட்டினிக் கதை அடிக்குறிப்புக்குப் போகட்டும். தி., ந. இருவரும் ‘இருக்கட்டும்’ என்று தனி மடல் போட்டுவிட்டார்கள். செ. ஐயா இன்னும் கூசுவில் இருக்கிறார்.
– மா.

மெலிவு என்றால் என் காதில் மெல்லினம்தான் விழுகிறது. இரண்டாம் பதிப்பு வரும்போது பட்டினியோடு திரும்ப வருவேன்.
– க.