இரு பரிமாண அரேயை வாங்க இரட்டைப் பாயின்டர் ஏன் பொருந்துவதில்லை?

காட்பாடி மாணவி:
வணக்கம். சி மொழி நிரல் ஒன்றில், வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டங்களின் மாதவாரி மழையளவை மில்லிமீட்டரில் வைத்துக்கொள்ள ‘இன்ட் மழை[3][12]’ என்று அறிவித்திருக்கிறேன். மொத்தத்தைக் கூட்டும் ஃபங்ஷன் அதை ‘இன்ட் **ப’ என வாங்குமாறு எழுதினால், வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் எச்சரிக்கிறது. மீறி ஓட்டினால் முதல் மதிப்பைப் படிக்கும்போதே செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் நிரல் நின்றுபோவது) வருகிறது. ஒரு பரிமாண அரேக்கு ‘இன்ட் *’ போதுமானதாக இருக்க, இங்கே இன்னொரு நட்சத்திரம் சேர்த்தும் ஏன் சரிவரவில்லை?

சத்துவாச்சாரிக்காரர்:
‘மழை’ அரேக்குள் பாயின்டர், அதாவது முகவரியை வைத்திருக்கும் மாறி, எதுவுமே இல்லை என்பதுதான் காரணம். நினைவகத்தில் இருப்பவை அடுத்தடுத்து அமைந்த 36 முழு எண்கள் மட்டுமே. இன்ட் ஒன்றுக்கு 4 பைட் என்றால் மொத்தம் 144 பைட். ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது அரேயின் பெயர் அதன் முதல் உறுப்பின் முகவரியாக மாறுகிறது. இங்கே முதல் உறுப்பு தனி எண் அன்று, 12 எண்கள் கொண்ட முழு வரிசை. ஆகவே அம்முகவரியின் வகை ‘இன்ட் (*)[12]’. ‘மழை + 1’ என்றால் 48 பைட் தாண்டிக் காட்பாடியின் ஜனவரிக்குப் போவதும் இதனால்தான்.

‘இன்ட் **’ என்று சொல்லிவிட்டால், ப[0] இருக்குமிடத்தில் ஒரு முகவரி இருப்பதாகக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில், வேலூரின் ஜனவரி, பிப்ரவரி எண்கள் இரண்டும் சேர்ந்து 8 பைட் முகவரியாகப் படிக்கப்படும். நம் பக்கத்தில் அவ்விரு மாதங்களும் பெரும்பாலும் வறண்டவை. இரண்டும் 0 என்றால், நீங்கள் தொட்டது எதையும் சுட்டாத ‘நல்’ பாயின்டரை.

‘இன்ட் (*ப)[12]’ என்று மாற்றுங்கள். அடைப்புக்குறி கட்டாயம் வேண்டும். அது இல்லாத ‘இன்ட் *ப[12]’ என்பது 12 பாயின்டர்களின் அரே. ஃபங்ஷனின் அளபுருவாக வரும்போது அதுவும் ‘இன்ட் **’ ஆகிவிடும்.

ராணிப்பேட்டை வாசகர்:
மேலே சொன்னது மிகச் சரி. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக மேலாக் செய்து (நினைவகம் கேட்டு வாங்கி), அந்த முகவரிகளை ஓர் அரேயில் சேர்த்து வைத்திருந்தால் இரட்டை நட்சத்திரம் பொருந்தும். வட்டங்களின் எண்ணிக்கை மட்டும் மாறுமானால் அதுகூடத் தேவையில்லை; ‘இன்ட் (*ப)[12] = மேலாக்(எண்ணிக்கை * சைஸாஃப் *ப)’ என்று ஒரே துண்டாக வாங்கி, ஒரே ஃப்ரீயில் விடுவிக்கலாம். இந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்; ஜிசிசி கம்பைலரின் 14ஆம் பதிப்பு முதல் இதைப் பிழையாகவே நிறுத்துகிறார்கள், அது நல்ல முடிவு.

காட்பாடி மாணவி:
மிக்க நன்றி ஐயா. மாற்றியபின் ப[1][10] காட்பாடியின் நவம்பர் மழையைச் சரியாகத் தருகிறது. நாள்வாரி அட்டவணைக்கும் இதே ஃபங்ஷன் உதவ வேண்டுமென்றால், 12 என்ற எண்ணையும் வெளியிலிருந்து தர இயலுமா?

சத்துவாச்சாரிக்காரர்:
இயலும். சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரமான சி 99 முதல் ‘இன்ட் வ, இன்ட் நி, இன்ட் ப[வ][நி]’ என்று எழுதலாம். வ, நி ஆகிய அளவுகள் இரண்டும் அரேக்கு முன்னால் வர வேண்டும்.