சொல் வேண்டும்: ஒயின் ஆலையின் 'டேஸ்டிங் ரூம்'

நீலமணி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கட்டடக்கலை மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் இயல் முழுக்க, நிலத்தை அதட்டாமல் அதற்குள் அடங்கி நிற்கும் ஒயின் ஆலைகள் பற்றியது. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஹெர்சோக், டி மியூரோன் இருவரும் வடிவமைத்து 1998இல் முடிந்த டாமினஸ் ஒன்று. இத்தாலியில் பார்ஜினோ என்ற ஊரில் ஆர்க்கியா குழுவினர் கட்டி 2012இல் திறந்த அந்தினோரி இன்னொன்று. ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் 'டேஸ்டிங் ரூம்', கல் அடைத்த கம்பிக்கூடான 'கேபியன்', கட்டடம் நிலத்தோடு 'பிளெண்ட்' ஆவது, அதாவது ஒன்றிப்போவது, இம்மூன்றுக்கும் சொல் வேண்டும். முதலாவதற்குச் சுவைப்பறை என்று எழுதிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை.

பனையோலை எழுதியது:

ஒப்பாதது சரிதான் அம்மா. சுவைப்பு + அறை என்று நீங்கள் புணர்த்தினீர்கள். படிப்பவன் சுவை + பறை என்று பிரிப்பான். கொட்டி முழக்கவா போகிறார்கள்?

சங்கப் பாட்டிலேயே சொல் இருக்கிறது. 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூறு 56ஐப் பாருங்கள். யவனர் கலத்தில் வந்தது திராட்சை மது என்பதற்கு அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடி ஓடுகளே சாட்சி. தேறு என்றால் தெளி, தெளிந்தது தேறல். ஆகவே தேறற்கூடம். பொருளும் உண்டு, பழமையும் உண்டு.

கல்தச்சன் எழுதியது:

ஐயா, மன்னிக்கவும். தேறற்கூடம் என்று பலகை மாட்டினால் என் மாணவர்கள் அரியர் இல்லாமல் தேறியவர்கள் உட்காரும் இடம் என்றுதான் நினைப்பார்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும், மணம் பார்க்க வேறு வாடை கூடாது. ஒரு மிடறு வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவார்கள். குடிக்கும் இடமே அல்ல. அந்தினோரியில் இந்த அறைகள், பீப்பாய்கள் வரிசையாகக் கிடக்கும் சுடுமண் வளைவுகளுக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிகள். வாயில் இருப்பது எங்கே ஊறியது என்று காலடியில் பார்த்துக்கொள்ளலாம். எனவே செயல்தான் முக்கியம்: சுவைகூடம்.

துப்பும் கலத்துக்குச் சொல் தேட வேண்டாம். படிக்கம் நம் தாத்தா வீட்டிலேயே இருந்தது.

பருத்தித்துறையான் எழுதியது:

படிக்கத்துக்கு என் வாக்கு. இடையில் ஒரு சொல்: 'திராட்சை' வடமொழி என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றாலே திராட்சைதான். நீங்கள் பாயசத்தில் போடுவது எங்களுக்கு மரமுந்திரிகை, அல்லது கஜு. முந்திரிகைத் தேறல் என்று எழுதலாம்.

நீலமணி எழுதியது:

எழுதலாம் அண்ணா. பிறகு நாபாவில் முந்திரிப் பருப்பிலிருந்து மது வடிக்கிறார்களா என்று மதுரை மாணவர் கேட்டால் பதில் சொல்ல நீங்கள்தான் வர வேண்டும். கேபியனுக்கு வருவோமா?

கல்தச்சன் எழுதியது:

கம்பிவலைக் கூட்டுக்குள் கல்லை அடைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவது. மலைப்பாதை ஓரங்களில் சரிவைத் தாங்க நிறுத்துவார்கள். அங்கே வேலை செய்பவர்களும் கேபியன் என்றுதான் சொல்கிறார்கள். டாமினஸ் அந்தச் சாதாரணப் பொருளைக் கட்டடத்தின் முகமாக்கியது. ஏறக்குறைய 100 மீட்டர் நீளச் சுவர், முழுவதும் அப்பகுதியின் பசால்ட் என்ற எரிமலைக் கல். நாபாவில் பகல் வெயில் கொளுத்தும், இரவு குளிரும். கனத்த கல் இரண்டையும் உள்ளே விடாமல் தணிக்கிறது. கல்லை எங்கும் ஒரே நெருக்கமாக அடைக்கவில்லை. சில இடங்களில் தளர்த்தியாக விட்டதால் இடுக்குகள் வழியே பகல் வெளிச்சம் உள்ளே சிந்துகிறது. அடிவரிசையில் மட்டும் வலைக்கண் சிறியது. காரணம், கிலுகிலுப்பைப் பாம்பு குடியேறிவிடக் கூடாது!

கற்கூண்டு என்பது என் முன்மொழிவு.

பனையோலை எழுதியது:

கேபியனின் மூலம் இத்தாலிய 'கப்பியோனே', பெரிய கூண்டு. அதன் வேர் இலத்தீன் 'கவெயா'. இப்போது தொல்காப்பிய உரியியலைத் திறவுங்கள்: 'கவவு அகத்திடுமே'. கவவு என்றால் உள்ளே அகப்படுத்துதல். கவெயா, கவவு! கல்லை அகத்திட்டு நிற்கும் சுவர் கவவுச்சுவர். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? கவை, கவான், கவ்வு எல்லாம் இந்த வேரில் கிளைத்தவைதாம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

செம்புலம் எழுதியது:

நாளை வேண்டாம் ஐயா, வெள்ளி நெருங்குகிறது. ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? கற்கூண்டு நன்று. கூலியாளுக்கும் புரியும்.

மூன்றாவது சொல்லுக்கு, 'பிளெண்ட்'டுக்கு, என்னிடம் ஒன்று இருக்கிறது: திணைமயக்கம், ஒரு திணைக்குரியது இன்னொன்றோடு கலந்து வருவது. கட்டடம் எது, நிலம் எது என்று கண் மயங்குகிறது அல்லவா?

பனையோலை எழுதியது:

தம்பி, தொல்காப்பிய அகத்திணையியலில் அந்தச் சொல் வரும் சூத்திரத்தின் அடுத்த அடியைப் படித்தீர்களா? 'திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே, நிலன்ஒருங்கு மயங்குதல் இன்றென மொழிப.' நிலத்தோடு நிலம் மயங்காது என்று தெளிவாகவே மறுத்துவிட்டார். மேலும் மதுச் சுவைக்கும் இடத்துக்கு மயக்கம் என்று பெயர் வைத்தால் படிக்கம் எதற்கு?

வேண்டுமானால் கருப்பொருள், அதாவது ஒரு திணை நிலத்துக்கே உரிய பொருள், என்று யோசியுங்கள். அந்நிலத்துக் கல்லால் அந்நிலத்தில் எழுந்த சுவர், கருப்பொருளன்றி வேறென்ன? 'தெய்வம் உணாவே மாமரம் புள்பறை' என்ற பட்டியலில் கல் இல்லைதான். 'அவ்வகை பிறவும்' என்று கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்.

பருத்தித்துறையான் எழுதியது:

பட்டியலில் பறை இருக்கிறது ஐயா. அம்மாவின் சுவைப்பறைக்கு இலக்கண ஆதரவு கிடைத்துவிட்டது.

கல்தச்சன் எழுதியது:

சிரித்துவிட்டேன். ஆனால் ஒரு தொல்லை: இரண்டும் ஒரே வகை அல்ல. அந்தினோரி குன்றுக்குள் போய்விட்டது. கூரை மேல் திராட்சைக் கொடி, வெளியே தெரிவது சரிவைக் கீறிய இரண்டு நீண்ட கோடுகள் மட்டும். அது மறைவு. டாமினஸ் ஒளியவில்லை, தட்டையான தோட்டத்தின் நடுவே நேர்கோடாக நிற்கிறது, கல்லின் நிறத்தால் உறவு கொள்கிறது. அது இயைபு. ஸ்பெயினின் லாகுவார்டியாவில் கலத்ராவா கட்டிய இசியோஸ் ஒயின் ஆலை பின்னாலிருக்கும் மலைத்தொடரைப் போலக் கூரையை அலையலையாக வளைக்கிறது. என்னைக் கேட்டால் அது வெறும் போலச்செய்தல். ஒரு மைல் தள்ளியிருந்தே கண்ணைப் பறிக்கும். மூன்றையும் 'பிளெண்ட்' என்று ஒரே மூட்டையில் கட்டியது மூலநூலின் சோம்பல். அதைத் தமிழிலும் தொடர வேண்டாம்.

நீலமணி எழுதியது:

நன்றி. இடத்துக்கேற்ப 'நிலத்தோடு இயைந்த', 'நிலத்துள் மறைந்த' என்று எழுதிவிடுகிறேன். கற்கூண்டுச் சுவர், சுவைகூடம், படிக்கம் மூன்றும் போகின்றன. திராட்சையும் ஒயினும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பனையோலை எழுதியது:

சுவைக்கூடம். ஒற்று மிகும்.

செம்புலம் எழுதியது:

மிகாது ஐயா. சுவைத்த, சுவைக்கின்ற, சுவைக்கும் கூடம். உண்கலம் போல வினைத்தொகை.

பனையோலை எழுதியது:

சுவை என்றதும் எவனுக்கும் முதலில் தோன்றுவது பெயர்ச்சொல்தான். சுவைக்குரிய கூடம், ஒற்று மிக்கே தீரும். என் மறுப்பைப் பதிவு செய்க. தேறற்கூடத்தையும் நான் திரும்பப் பெறவில்லை.

செம்புலம் எழுதியது:

பதிந்தாயிற்று. இன்னொன்று: கல்தச்சன் போகிற போக்கில் 'பீப்பாய்' என்றாரே, அது போர்த்துக்கீசிய 'பிப்பா' அல்லவா? மிடா, பெரிய பானை, என்று மாற்றினால் என்ன?

நீலமணி எழுதியது:

பீப்பாயில் யாரும் கை வைக்காதீர்கள். அச்சுக் கோப்பை அனுப்பிவிட்டேன்.