மாடிக் கோழிக் குழு: சளி மருந்தும் புளிச்ச தீனிப்பையும்

கார்த்திக் – காலை 6:20
வணக்கம். சளிக்கு மருந்து கொடுத்தும் செவலப் பெட்டைக்கு கொர்கொர் சத்தம் பாதிதான் அடங்கியிருக்கு. இப்ப புதுசா கழுத்துக்குக் கீழ, அதோட வலது பக்கம், பந்து மாதிரி தொங்குது. தொட்டா தண்ணி ரொப்பின பலூன். வாய்கிட்ட புளிச்ச மாவு வாடை. கொண்டையில வேற வெள்ளையா மாவு தூவின மாதிரி இருக்கு. போட்டோ 3, வாய்ஸ் 1 போட்டிருக்கேன்.

பாஷா பாய் – 6:24
தம்பி, இன்னிக்கு தீனி போட்டாச்சா?

கார்த்திக் – 6:25
இல்ல பாய். நேத்து சாயங்காலம் 6 மணிக்கு கம்பும் நொய்யும். அதுக்கப்புறம் தண்ணி மட்டும்தான்.

பாஷா பாய் – 6:29
அப்ப வடியல, தேங்கி நிக்குது. அந்தப் பந்துதான் தீனிப்பை, தின்னது முதல்ல தங்கற பை. நல்ல கோழிக்கு ராத்திரியோட அது காலியாகி, காலையில சுருங்கின தோலாதான் கைக்கு வரும். அதனால எப்பவும் தீனி வைக்கறதுக்கு முன்னாடி தடவிப் பாக்கணும். பிசைஞ்ச மாவு உருண்டை மாதிரி கெட்டியா இருந்தா அடைப்பு. புல்லு, நாரு, நூலு ஏதாவது சுத்திக்கிட்டு கிடக்கும். இது தளதளன்னு இருக்கு, புளிப்பு வாடையும் வருது. பூஞ்சைதான்.

வசந்தி அக்கா – 6:31
தலைகீழா புடிச்சு அமுக்கினா எல்லாம் கொட்டிடும்னு சொல்லுவாங்களே?

டாக்டர் மேடம் – 6:33
வசந்தி, வேண்டவே வேண்டாம். கோழிக்கு மூச்சுக்குழலோட வாய் நாக்குக்குப் பின்னாடியே இருக்கு, மேல மூடி கிடையாது. தலைகீழா பிடிச்சா அந்தப் புளிச்ச தண்ணி நேரா நுரையீரலுக்குப் போகும். ஏற்கெனவே சளி இருக்கற கோழி கையிலேயே போயிடும்.
கார்த்திக், இதுவரை என்ன மருந்து, எத்தனை நாள்?

கார்த்திக் – 6:36
தீவனக் கடையில கொடுத்த பவுடர் மேடம். டாக்ஸிசைக்ளினும் டைலோசினும் கலந்தது. தண்ணியில போட்டு வெச்சேன். இன்னியோட 13 நாள்.

டாக்டர் மேடம் – 6:43
இன்னிக்கே நிறுத்துங்க. வழக்கமா 5 நாள், மிஞ்சினா 7. கேண்டிடாங்கற ஈஸ்ட் பூஞ்சை எல்லாக் கோழி தீனிப்பையிலயும் கொஞ்சம் இருக்கும். கூடவே இருக்கற நல்ல பாக்டீரியா அதை வளர விடாது. 13 நாள் ஆன்டிபயாடிக் போனதுல அந்தப் பாக்டீரியா செத்து, ஈஸ்டுக்கு இடம் காலியாயிடுச்சு. சளி மருந்தை இன்னும் நீட்டினா தீனிப்பை இன்னும் மோசமாகும்.

கார்த்திக் – 6:45
ஆனா சளியே போகலையே மேடம், அதான் நிறுத்தல.

பாஷா பாய் – 6:46
எந்தத் தண்ணியில கலக்கின?

கார்த்திக் – 6:46
போர் தண்ணி.

பாஷா பாய் – 6:52
அங்கதான் போச்சு. நம்ம ஏரியா போர் தண்ணியில பக்கெட்டே வெள்ளையா படியுது, அவ்ளோ சுண்ணாம்பு. டாக்ஸி அந்தச் சுண்ணாம்போட ஒட்டிக்கும், உடம்புல சரியா சேராது. மெட்ரோ தண்ணியோ கேன் தண்ணியோ ஊத்தி, பிளாஸ்டிக் பாத்திரத்துல, வெயில் படாம வெச்சு, தினம் புதுசா கலக்கணும். மருந்து ஓடற நாள்ல கிளிஞ்சல் தட்டையும் எடுத்துடணும், அதுவும் சுண்ணாம்புதான். இன்னொண்ணு, நோய்க்கோழி சரியா தண்ணியே குடிக்காது. நல்ல கோழி ஒரு நாளைக்கு கால் லிட்டர் கிட்ட குடிக்கும். இது அதுல பாதி குடிச்சா மருந்தும் பாதிதான் உள்ள போகும். எடை பாத்து வாயில நேரா கொடுத்தாதான் கணக்கு நிக்கும்.

டாக்டர் மேடம் – 6:55
பாய் சொல்றது சரி. இப்ப டார்ச் அடிச்சு வாய்க்குள்ள பாருங்க. தயிர்த் திட்டு மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கா, மஞ்சளா பனீர் மாதிரி கெட்டியா இருக்கா?

கார்த்திக் – 7:04
வெள்ளை. மேலண்ணத்துல 2 இடம், நாக்கு ஓரம் 1. மஞ்சள் எதுவும் இல்ல.

டாக்டர் மேடம் – 7:15
ஈஸ்டோட பொருந்துது. மஞ்சளா இருந்தா கதையே வேற. தொண்டை அம்மையா இருக்கலாம், இல்ல புறா குடிச்ச தண்ணியில இருந்து வர்ற டிரைக்கோமோனாஸ்ங்கற ஒட்டுண்ணியா இருக்கலாம். அதுக்குப் பூஞ்சை மருந்து கேக்காது. எதுவா இருந்தாலும் சுரண்டாதீங்க, ரத்தம் வரும்.

நிஸ்டாட்டின்ங்கற வாய்வழி பூஞ்சை மருந்து, 1 மில்லியில 1 லட்சம் யூனிட் இருக்கறது வாங்குங்க. கிலோவுக்கு 1 லட்சம் யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 7 நாள். உங்க கோழி எடை?

கார்த்திக் – 7:16
சமையல் தராசுல 1.55 கிலோ.

டாக்டர் மேடம் – 7:22
அப்ப ஒரு வேளைக்கு 1.5 மில்லி. இந்த மருந்து ரத்தத்துல சேராது, பட்ட இடத்துல மட்டும்தான் வேலை செய்யும். அதனால தீனிக்கு அரை மணி முன்னாடி, தீனிப்பை முடிஞ்ச அளவு காலியா இருக்கும்போது கொடுக்கணும். நுரையீரல்ல பூஞ்சை இருந்தா இதால ஒரு பலனும் இல்ல.

ஊசி கழட்டின 2 மில்லி சிரிஞ்ச். அலகோட ஓரத்துல வெச்சு, நாலஞ்சு சொட்டு விட்டு, விழுங்கினதும் அடுத்தது. நடு நாக்குல பீச்சாதீங்க. பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீங்க. கோழிக்கு உதரவிதானம் இல்ல, நெஞ்செலும்பு ஏறி இறங்கினாதான் மூச்சே. துண்டுல இறக்கையை மட்டும் சுத்தி, நிமிர்த்தி வெச்சுக்கோங்க.

கார்த்திக் – 7:24
தீனி?

டாக்டர் மேடம் – 7:31
காலை 10 மணி வரை தண்ணி மட்டும். அதுக்கு மேல பட்டினி வேண்டாம், இளைச்ச கோழி. அப்புறம் முட்டைக்கோழித் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணியில கஞ்சியா குழைச்சு ஒரு மேசைக்கரண்டி. 3 மணி நேரம் கழிச்சு, கொஞ்சம் வடிஞ்சிருந்தா மட்டும் அடுத்தது. வேக வெச்ச முட்டை கொஞ்சம் கொடுக்கலாம். கம்பு, நொய், பிரெட், நீளமான கீரை எதுவும் வேண்டாம். வெல்லத் தண்ணி, குளுக்கோஸ் கூடவே கூடாது, ஈஸ்டுக்கு அதுதான் சாப்பாடு. தீனிப்பையை விரல் நுனியால வட்டமா 2 நிமிஷம், ஒரு நாளைக்கு 3 தடவை தடவுங்க. மேல் பக்கமா தள்ளாதீங்க.

வசந்தி அக்கா – 7:33
மயில்துத்தம் கலந்த தண்ணி கொடுப்பாங்களே மேடம், பழைய ஆளுங்க? சின்ன வெங்காயமும் சளிக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க.

டாக்டர் மேடம் – 7:38
மயில்துத்தம் 2 லிட்டருக்கு 1 கிராம்னு பண்ணைகள்ல போட்டாங்க. வீட்டுல கண்ணளவா போட்டா விஷம். புண்ணான தீனிப்பையை அது இன்னும் எரிக்கும், கசப்புல கோழி தண்ணியும் குடிக்காது. வெங்காயம் அளவு மீறினா பறவைக்கு ரத்தச் செல்லை உடைக்கும். ரெண்டும் வேண்டாம். சளிக்கு மூக்குல தைலம் தடவறது, சாம்பிராணி, கொசுவத்தி எல்லாமே நுரையீரலுக்குக் கெடுதல்.

பாஷா பாய் – 7:40
கொண்டைய மறந்துட்டீங்க.

டாக்டர் மேடம் – 7:47
ஈரப் பஞ்சால துடைங்க கார்த்திக். வந்துட்டா வெறும் சாம்பல், மண்ணுல புரண்டது. வராம செதில் செதிலா ஒட்டியிருந்தா படைப்பூஞ்சை. பழுப்பா, மருவு மாதிரி தூக்கினா அம்மை. அது கொசு கடிச்சுப் பரவறது, மழை சீசன்ல நிறைய வரும்.

கார்த்திக் – 7:52
ஒட்டிட்டுதான் இருக்கு, செதில். வீட்டுல படர்தாமரைக்கு வாங்கின டியூப் இருக்கு, போடலாமா?

டாக்டர் மேடம் – 7:56
அட்டையைப் படிங்க. க்ளோட்ரிமசோல் 1% மட்டும்னா சரி. கூட பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், நியோமைசின்னு ஏதாவது இருந்தா தொடாதீங்க. நம்ம வீட்டு டியூப்ல பாதி அப்படித்தான் இருக்கு. முதல் ரெண்டும் ஸ்டீராய்டு, அது பறவைக்கு எதிர்ப்புச் சக்தியையே படுக்க வெச்சிடும். காலையும் மாலையும் மெல்லிசா தேய்ச்சு, செதில் உதிர்ந்த பிறகும் ஒரு வாரம் தொடரணும். கையுறை போடுங்க, மனுஷங்களுக்கும் எப்பவாவது ஒட்டும்.

பாஷா பாய் – 8:02
தம்பி, கூண்டுல கீழ என்ன பரப்பியிருக்க? ஒரு போட்டோ போடு.

கார்த்திக் – 8:06
வைக்கோல். போன வாரம் மழையில ஓரம் நனைஞ்சுது. (போட்டோ)

பாஷா பாய் – 8:15
அந்த மூலையில கறுப்பும் பச்சையுமா இருக்கு பாரு. அதைக் கிளறும்போது பறக்கற தூளைத்தான் கோழி ராத்திரி பூரா இழுக்குது. மாஸ்க் போட்டு, முதல்ல லேசா தண்ணி தெளிச்சு, தூள் எழும்பாம சாக்குல கட்டி வெளியேத்து. தரையைத் தேய்ச்சுக் கழுவி, ஒரு நாள் நல்லா காய விட்டு, காஞ்ச உமி 3 விரக்கடை பரப்பு. வைக்கோல் இந்த மழைக்கு ஆகாது.

தார்ப்பாயையும் நாலு பக்கமும் இறுக்கி மூடி வெச்சிருக்க. மேல ஒரு சாண் திறந்து விடு. குந்தி உக்காந்து கோழி மூக்கு உயரத்துல மோந்து பாரு. கண் எரிஞ்சா எச்சத்து அமோனியா. மூச்சுக்குழல்ல சளியைத் தள்ளற மயிரிழையை அது செயலிழக்க வெச்சிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் சளி போகாது.

வசந்தி அக்கா – 8:17
கடலைப் புண்ணாக்கு லேசா பூசணம் பிடிச்சிருந்தா வறுத்துப் போடலாமா?

பாஷா பாய் – 8:18
கூடாது மா. பூசணம் சாகும், அது விட்ட விஷம் வறுத்தாலும் போகாது. குப்பையில போடுங்க.

டாக்டர் மேடம் – 8:29
கார்த்திக், வாய்ஸ்ல சத்தம் ஈரமா கொர்கொர்னு இருக்கு, போட்டோவுல கண் ஓரம் நுரை. இது மைக்கோபிளாஸ்மாங்கற பாக்டீரியா பக்கம்தான் காட்டுது. அதுக்குச் செல் சுவரே கிடையாது, அதனால அமாக்ஸிசிலின் மாதிரி மருந்து வேலைக்காகாது. முகம் வீங்கி நாத்தம் அடிச்சா கொரைசாங்கற வேற பாக்டீரியா சளி. நுரையீரல்ல ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைன்னா பெரும்பாலும் சத்தம் குறைவு: கழுத்தை நீட்டி வாயைத் திறந்து இழுக்கும், நாளுக்கு நாள் இளைக்கும், ஆன்டிபயாடிக்கால ஒரு மாற்றமும் தெரியாது. உங்க வைக்கோலைப் பாத்த பிறகு மைக்கோபிளாஸ்மாவும் இந்தப் பூஞ்சையும் சேர்ந்தே இருக்காதுன்னு சொல்ல முடியாது.

நாளைக்கு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்க. எக்ஸ்ரே எடுத்துப் பாக்கட்டும். நுரையீரல் பூஞ்சைக்கு இட்ராகோனசோல் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், வாரக்கணக்குல கொடுக்கணும், கல்லீரலைப் பாதிக்கும். 100 மில்லிகிராம் கேப்சூலைப் பிரிச்சு நீங்களா கணக்குப் போடாதீங்க. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அந்தப் பவுடர் பாக்கெட், மூடி போட்ட டப்பாவுல இன்னிய எச்சம், இதெல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க. கொண்டை நீலமாச்சுன்னா நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

கார்த்திக் – 8:33
மத்த 4 கோழிக்கும் மருந்து கலக்கணுமா? முட்டை சாப்பிடலாமா?

டாக்டர் மேடம் – 8:40
நல்லா இருக்கறதுக்கு வேண்டாம். இன்னொரு தீனிப்பை புளிக்கும், அவ்வளவுதான். இதைத் தனியா வெச்சு, முதல்ல மத்த கோழி வேலை, கடைசியா இது. செருப்பு தனி. மைக்கோபிளாஸ்மா குணமானாலும் உடம்பை விட்டுப் போகாது, முட்டை வழியா குஞ்சுக்கும் இறங்கும். அடை வைக்காதீங்க. மருந்து கலந்த தண்ணியை மத்ததும் குடிச்சிருந்தா எல்லா முட்டையும் குப்பைக்கு. எத்தனை நாள்னு நாளைக்கு டாக்டர்கிட்ட கேளுங்க.
பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கல், இல்ல ஒரே நாள்ல ரெண்டு மூணு சாவுன்னா உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லணும். ராணிக்கெட்னு சொல்ற வெள்ளைக் கழிச்சல் நோயும் பறவைக் காய்ச்சலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

*மறுநாள்*

கார்த்திக் – காலை 6:10
தீனிப்பை பாதியா இறங்கியிருக்கு, வாடையும் குறைவு. எடை 1.53. இன்னிக்கு வேப்பேரி. திரும்பற வழியில உமி வாங்கிடறேன்.

டாக்டர் மேடம் – 6:18
நல்லது. நாளைக்கே பை காலியானாலும் நிஸ்டாட்டினை 7 நாள் முழுசா கொடுங்க.

பாஷா பாய் – 6:21
உமி மூட்டைக்குள்ள முழங்கை வரை கையை விட்டுப் பாரு தம்பி. நடுவுல சூடா இருந்தா ஈரம் புடிச்சது, வாங்காத.

கார்த்திக் – 6:22
சரி பாய்.