சைட்செயினுக்குப் ‘பக்கச் சங்கிலி’ பொருந்தவில்லை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒலிக்கலவையில் வரும் சைட்செயின் (sidechain) என்ற சொல்லுக்குத் தமிழாக இங்கே முன்மொழியப்பட்ட ‘பக்கச் சங்கிலி’யை மூன்று வாரம் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தேன். சாலிகிராமத்தில் என்னிடம் ஒலிக்கலவை கற்கும் பிள்ளைகளுக்கு அச்சொல் எதையும் விளக்கவில்லை. “எதை எதனோடு பிணைக்கிறோம், ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அங்கே எதையும் பிணைக்கவில்லை.

வரம்பை மீறும் ஒலியைத் தணிக்கும் கருவியான கம்ப்ரஷருக்குள் ஒலி இரண்டு வழியாகப் போகிறது. ஒரு வழியில் போவது நம் காதுக்கு வருகிறது. மற்றது அளவு பார்ப்பதற்கு மட்டும். அது வெளியே கேட்காது. அந்த இரண்டாம் வழிதான் சைட்செயின். மென்பொருளில் சைட்செயின் பொத்தானை அழுத்தும்போது, அளவு பார்க்கும் வழிக்குள் வேறொரு தடத்தின் ஒலியை விடுகிறோம். கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும்போதெல்லாம் பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் வாத்தியம்) தணிந்து இடம் விடுவது இப்படித்தான். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் செய்து பார்த்தவர்களுக்கு இது கண்கூடு: கிக்கின் ஒலியைப் பேஸ் தடத்தின் 3, 4ஆம் சேனல்களுக்கு அனுப்பி, கம்ப்ரஷரை அவற்றைக் கவனிக்கச் சொல்கிறோம். எனவே சைட்செயினைக் ‘கிளைவழி’ என்கிறேன்.

கம்ப்ரஷர் செய்யும் வேலையான கம்ப்ரஷனுக்கு ‘இறுக்கம்’ வேண்டாம். கோப்பைச் சிறிதாக்குவதை இறுக்கம் என்று பலரும் எழுதிவருகிறோம். ஒரே பாடலை அமுக்கவும் செய்கிறோம், பிறகு எம்பி3 ஆக இறுக்கவும் செய்கிறோம். வரம்பை மீறும் ஒலியைக் கீழே அழுத்துவதற்கு ‘அமுக்கம்’ சரி. ஆக, சைட்செயின் கம்ப்ரஷன் என்பது கிளைவழி அமுக்கம்.

இதற்கு ‘அடக்கி வாசித்தல்’ என்றே வைத்துவிடலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கும் அந்த ஆசை உண்டு. மார்கழியில் மயிலாப்பூர்ச் சபா ஒன்றில் உட்கார்ந்தால் அது கண்ணெதிரே நடக்கிறது. பாடகர் குரலைத் தாழ்த்தி, ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலுக்குள் நுழையும்போது மிருதங்கக்காரர் தொப்பியை (மிருதங்கத்தின் இடப் பக்கத்தை) தொட்டும் தொடாமலும் வாசிக்கிறார். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கை எழுகிறது. காது பாடகரிடம், கை தன் வாத்தியத்தில். இதைவிட அழகான விளக்கத்தை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. ஆனால் இது விளைவின் பெயர். கைபேசி வழி சொல்லும்போது காரில் பாட்டு தணிகிறதே, அதற்கும் இப்பெயர் பொருந்தும். பாடகரின் ஸ, ஷ சீறலைத் தணிக்கும் கருவியும் கிளைவழியைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே யாரும் யாருக்காகவும் அடக்கி வாசிக்கவில்லை. எனவே அடக்கி வாசித்தலை, ஓர் ஒலிக்காக இன்னொன்று தணியும் விளைவான டக்கிங்குக்கு (ducking) வைத்துக்கொள்வோம். அதை இழக்க எனக்கு மனமில்லை.

இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்பட்டன. கட்டளையிடும் ஒலிக்கு ‘ஏவொலி’, தணியும் ஒலிக்கு ‘அடங்கொலி’. சென்ற வகுப்பில் ஒரு மாணவன் மற்றவனிடம் தானாகவே சொன்னான்: “கிக் ஏவொலி, பேஸ் அடங்கொலி. நிமிடத்திற்கு 120 அடி என்றால் அடிக்கு அடி 500 மில்லி விநாடிதான். அதற்குள் பேஸ் எழுந்துவிட வேண்டும், விடுநேரத்தைக் குறை.” விடுநேரம் என்றால் அமுக்கம் விலகி ஒலி பழைய அளவுக்குத் திரும்பும் நேரம். எந்த இடத்திலும் அவன் தடுமாறவில்லை.

ஏவல் என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தயங்கினார். இலக்கணத்தில் ‘நட’, ‘வா’ என்பவற்றை ஏவல் வினை என்றுதானே படித்தோம்? கிக் ‘அடங்கு’ என்கிறது, பேஸ் அடங்குகிறது. ‘தூண்டொலி’யையும் எண்ணிப் பார்த்தேன். தூண்டினால் எழ வேண்டும். விளக்கைத் தூண்டினால் சுடர் ஏறுகிறது. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. பாடக்குறிப்பை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை; ஏவொலியைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.