எஃப்பிஎஸ் 120 காட்டுது, ஆனா கேம் கனமா இருக்கு: ரெண்டு வாரம் நான் அடிச்ச கூத்து

செட்டிங்ஸ் நோண்டி மாட்டிக்கிட்ட கதை உங்ககிட்டயும் இருக்கும், கீழ போடுங்க. முதல்ல என்னோடது.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (செகண்டுக்கு 144 தடவை படம் மாறும்), 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. சும்மா இருக்க முடியாம ஒரு நாள் கிராபிக்ஸ் டிரைவரை டிடியுன்னு ஒரு அழிக்குற டூல் போட்டு சுத்தமா தொடச்சிட்டு புதுசு ஏத்தினேன். அன்னைலேர்ந்து கேம் ஒரு மாதிரி கனமாயிடுச்சு. மவுஸை திருப்பினா கேரக்டர் யோசிச்சிட்டு திரும்புற மாதிரி இருக்கு, ஆனா மூலைல எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) பாத்தா 120, 125ன்னு ஜம்முனு நிக்குது. அந்த நம்பர் குறைஞ்சிருந்தா கூட மனசு ஆறியிருக்கும்.

அப்புறம் என்ன, வீடியோ வீடியோவா பாத்து கண்டதையும் மாத்த ஆரம்பிச்சேன். பவர் பிளான், கேம் மோட், ரெஜிஸ்ட்ரி, சர்வீஸ்ன்னு ஒரே ராத்திரில பதினஞ்சு இருக்கும், எதை மாத்தினேன்னு ஒரு தாள்ல கூட எழுதி வைக்கல. விண்டோஸ் பூட் செட்டிங்கை மாத்துற பிசிடிஎடிட்ல 'யூஸ் பிளாட்ஃபார்ம் கிளாக்'ன்னு ஒரு கமாண்ட் சொன்னாங்க, அதைப் போட்டதும் ஒழுங்கா இருந்த 120ம் குலுங்க ஆரம்பிச்சது. பின்னாடி படிச்சாத்தான் தெரியுது, இப்போதைய மெஷின்ல விண்டோஸ் ப்ராசஸருக்குள்ளயே இருக்குற கவுன்டரைப் பாத்து சட்டுனு நேரம் தெரிஞ்சுக்கும், நான் அதை விட்டுட்டு வெளிய இருக்குற மெதுவான டைமரைப் போய் கேளுன்னு அனுப்பி வச்சிருக்கேன்.

அதை விட மோசம் பேஜ் ஃபைல், அதாவது ரேமுக்குத் துணையா விண்டோஸ் டிஸ்க்ல வச்சுக்குற இடம். 16 ஜிபி ரேம் இருக்கும்போது அது எதுக்குன்னு ஆஃப் பண்ணிட்டேன். கேம் அரை மணி நேரம் ஓடும், அப்புறம் எரர் எதுவும் காட்டாம டெஸ்க்டாப்ல வந்து விழும். டாஸ்க் மேனேஜர்ல பாத்தா 11 ஜிபிதான் ஓடுது, மிச்சம் சும்மா கெடக்கு. அதுக்குக் கீழயே 'கமிட்டட்'ன்னு ஒரு வரி இருக்கு, அதுல 15.6/15.9. கேம் தனக்கு வேணுங்கறதை விட அதிகமாவே மெமரியை கேட்டு புக் பண்ணி வச்சுக்கும், அந்த புக்கிங்குக்கு உச்சவரம்பு ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்ததுதான். பேஜ் ஃபைலை எடுத்துட்டா ரேம் காலியா இருந்தாலும் புக்கிங் ஃபுல், கேட்டது கிடைக்காம கேம் படுத்துடும். விண்டோஸே பாத்துக்கட்டும்னு திரும்ப விட்டேன், கிராஷ் நின்னுச்சு. கனம் மட்டும் அப்படியே இருக்கு.

கடைசில கண்டுபிடிச்சது என் தம்பி. கேம் கூட திறக்கல, டெஸ்க்டாப்ல மவுஸை வேகமா வட்டம் சுத்திட்டு, "அண்ணா, அம்புக்குறியே விட்டு விட்டு போகுது, உள்ள என்ன மாத்தி என்ன"ன்னான். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு உள்ள போய் பாத்தா 60 ஹெர்ட்ஸ். டிரைவரை தொடச்சப்போ போனது. கார்டு 120 ஃப்ரேம் போட்டுக் குடுக்குது, மானிட்டர் அதுல பாதியைத்தான் காட்டுது, 6.9 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை மாற வேண்டிய படம் 16.7க்கு ஒரு தடவை மாறுது. 144ஐ தேர்ந்தெடுத்து ஓகே குடுத்தேன், அவ்ளோதான், ரெண்டு வாரம் போச்சு.

*

சிரிக்கலாம்னு பாத்தா என் கதை இதை விட கேவலம் ப்ரோ. புது கார்டு வாங்கி மாட்டிட்டு மானிட்டர் கேபிளை பழக்க தோஷத்துல கார்டுல சொருகாம மதர்போர்டுலயே சொருகிட்டேன். ஒரு வாரம் கார்டு சரியில்லன்னு எல்லார்கிட்டயும் புலம்பிட்டு இருந்தேன்.

*

நான் ஒரு பழைய கைடு படிச்சிட்டு ஹார்ட்வேர் ஜிபியு ஷெட்யூலிங்கை (கார்டே தன் வேலையை வரிசைப்படுத்திக்கிற விண்டோஸ் செட்டிங்) ஆஃப் பண்ணி வச்சிருந்தேன், 2020ல அது வந்த புதுசுல சிலர் அப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் கார்டு மாத்தினேன், கேம்ல ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுவுல கூடுதல் ஃப்ரேமை கார்டே உருவாக்குறது) மட்டும் மங்கலா கெடக்கு, தொடவே முடியல. என்விடியாவோட டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷனுக்கு அந்த ஷெட்யூலிங் ஆன்ல இருக்கணும். கைடு பாக்கும்போது எந்த வருஷம் எழுதினதுன்னு முதல்ல பாருங்கப்பா.

மெமரி இன்டக்ரிட்டியும் (கெட்ட கோடு சிஸ்டத்தோட மையத்துல நுழையாம தடுக்குற விண்டோஸ் பாதுகாப்பு) நான் தொட்டிருக்கேன். கேம் ஆடும்போது வேணும்னா ஆஃப் பண்ணிட்டு முடிஞ்சதும் ஆன் பண்ணிக்கோங்கன்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு. எனக்கு பெருசா வித்தியாசம் தெரியல, பாதுகாப்பை விட்டுக்குடுக்குற அளவுக்கு லாபம் இல்லன்னு ஆன்லயே விட்டுட்டேன். இதுல செக்யூர் பூட்டையும் (பூட் ஆகும்போது நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் விடுற பாதுகாப்பு) சேர்த்து அணைச்சுட்டு, கேமோட ஆன்ட்டி சீட் (ஏமாத்துறதைத் தடுக்குற சாஃப்ட்வேர்) உள்ளயே விடலன்னு முழிச்சது தனிக் கதை.

*

லினக்ஸ் ஆளு ஒருத்தன் வரலன்னா எப்படி. விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற ப்ரோட்டான்ல ஒரு கேம் லோடிங்லயே செத்துச்சு, டிரைவரை ரெண்டு தடவை மாத்தினேன். கடைசில கெர்னல்ல மேக்ஸ் மேப் கவுன்ட் (ஒரு புரோகிராம் எத்தனை மெமரி மேப்பிங் வச்சுக்கலாம்ங்குற வரம்பு) 65530ன்னு இருந்ததுதான் காரணம், 1048576 ஆக்கினதும் ஓடுச்சு. இப்ப நிறைய டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) அதை தானாவே ஏத்தி வச்சுடுது.

*

முதல் போஸ்ட் போட்டவருக்கு ஒரு கேள்வி: ரேம் ஸ்பீடு பாத்தீங்களா? விண்டோஸ்ல எவ்ளோ தேச்சாலும் இது மாறாது, பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை டப்பால போட்ட ஸ்பீடுல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணலன்னா டிடிஆர்4 ஸ்டிக் நிறைய போர்டுல 2133லயே ஓடிட்டு இருக்கும். எனக்கு அது ஏறினதும் சராசரி எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் கூடுச்சு, ஆனா சண்டை நடக்குற இடத்துல வர்ற குலுக்கல் நல்லா குறைஞ்சது. டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி, வலது பக்கம் கீழ.

*

ப்ரோ இப்பதான் பாத்தேன். டப்பால 3200ன்னு போட்டிருக்கு, இங்க 2133. வாங்கி மூணு வருஷம் ஆச்சு. தம்பிகிட்ட இன்னும் சொல்லல, பயாஸுக்குள்ள போயிட்டு வரேன்.